விடுவிக்கும் பொறுப்பு யாருடையது? சி மொழியின் நினைவகத் துப்புரவு மேக்ரோக்கள்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

நிரல்மொழிகளின் வரலாற்றை எழுதுவோர் வழக்கமாக இரண்டு வகைச் சான்றுகளை நாடுகின்றனர்: மொழியை உருவாக்கியோர் எழுதிய நூல்கள், தரநிலைக் குழுக்களின் ஆவணங்கள். சி மொழிக்கு 1978-இல் வெளியான கெர்னிகன், ரிட்சி ஆகியோரின் நூலும், 1989-இன் அமெரிக்கத் தரநிலையும், அதன் பின்வந்த பன்னாட்டுத் தரநிலைகளும் இவ்வகைச் சான்றுகள். ஆனால் இலக்கண நூல் கூறும் மொழியும் வழக்கில் உள்ள மொழியும் ஒன்றல்ல என்பது மொழியியல் பயின்றோர்க்குப் புதிய செய்தியன்று. சி மொழியின் வழக்கு பதிவாகியிருக்கும் இடம் தலைப்புக் கோப்புகள். குறிப்பாக, அவற்றில் உள்ள மேக்ரோக்கள்.

அத்தகைய ஒரு வழக்கின் வரலாற்றை இங்குத் தொகுத்துப் பார்க்கிறேன்: பயன்பாடு முடிந்த நினைவகத்தைத் தானாகவே விடுவிக்கும் மேக்ரோக்கள். இதனைத் தொழில்நுட்ப உத்திகளின் வரிசையாகப் படிக்கலாம். ஒரு சமூகம் தன் மொழியில் இல்லாத இலக்கணக் கூறு ஒன்றைத் தரநிலைக்குக் காத்திராமல் தானே உருவாக்கிக்கொண்ட வரலாறாகவும் படிக்கலாம். இரண்டாவது வாசிப்பே பொருத்தமானது என்பது என் கருத்து. அவ்வாறு படிக்கும்போது நிலைத்த முயற்சிகளையும் நிலைக்காத முயற்சிகளையும் பிரிக்கும் கோடு மேக்ரோவின் நுட்பத்தில் இல்லை, அதன் சீர்மையில் இருக்கிறது என்பது தெரியவரும்.

1. சிக்கலின் இயல்பு

சி மொழியில் ஒரு செயற்கூறுக்குள் அறிவிக்கப்படும் மாறிகள், அச்செயற்கூறு முடிந்ததும் தாமாகவே மறைகின்றன. இம்மொழியில் 'ஆட்டோ' என்னும் சிறப்புச்சொல்லே இவ்வகை மாறிகளுக்காக ஏற்பட்டதுதான். ஆகவே தானியங்கித் துப்புரவு சி மொழிக்கு அந்நியமானது என்று கூறுவது பிழை. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. 'மாலக்' மூலம் பெற்ற நினைவகத்தை ஒரு சுட்டி சுட்டிக்கொண்டிருக்கிறது. செயற்கூறு முடியும்போது சுட்டி மறைகிறது. அது சுட்டிய நினைவகம் மறைவதில்லை. முகவரி எழுதிய தாள் எரிந்துவிடுகிறது, வீடு அப்படியே நிற்கிறது. அவ்வீட்டை 'ஃப்ரீ' என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கவேண்டியவர் நிரலாளர்.

ஒரு வளத்தை மட்டும் கையாளும்போது இது எளிது. ஒரு செயற்கூறு வரிசையாக மூன்று வளங்களைப் பெறுவதாகக் கொள்வோம். இரண்டாவது கிடைக்காமற்போனால் முதலாவதை விடுவிக்கவேண்டும். மூன்றாவது கிடைக்காமற்போனால் முதலிரண்டையும் விடுவிக்கவேண்டும். எல்லாம் கிடைத்து வேலை முடிந்தால் மூன்றையும் விடுவிக்கவேண்டும். ஆக, ஆறு விடுவிப்பு வரிகள். வளங்கள் நான்கானால் பத்து வரிகள்; ஐந்தானால் பதினைந்து. இவ்வரிகளில் ஒன்று விடுபட்டால் நினைவகக் கசிவு. ஒன்று மிகுந்தால் இருமுறை விடுவிப்பு. முன்னது நிரலை மெல்லத் தளர்த்தும். பின்னது தாக்குவோர்க்கு வாயில் திறந்துவிடும். மேலும், இவ்வரிகள் பெரும்பாலும் தோல்விப் பாதைகளில் இருப்பதால், வழக்கமான சோதனைகளில் அவை இயங்குவதே அரிது.

இதற்கான தீர்வுகள் சி மொழிக்கு முன்பே இருந்தன. ஜான் மெக்கார்த்தி 1960-இல் லிஸ்ப் மொழியை அறிமுகப்படுத்திய கட்டுரையிலேயே பயன்படாத நினைவகத்தைத் தானாக மீட்கும் முறையை விளக்கியிருந்தார். அதே ஆண்டில் ஜார்ஜ் காலின்ஸ், ஒரு நினைவகத் துண்டைச் சுட்டுவோர் எத்தனை பேர் என்று எண்ணி, எண்ணிக்கை சுழியானதும் விடுவிக்கும் முறையை வெளியிட்டார். எனவே டென்னிஸ் ரிட்சி 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் சி மொழியை உருவாக்கியபோது இக்கருத்துகள் அறியப்படாதவை அல்ல. பிடிபி-11 போன்ற சிறிய கணினியில் ஓர் இயக்குதளத்தையே எழுதுவதற்கான மொழியில், நிரலாளர் கேட்காத வேலை எதுவும் மறைவில் நடக்கக்கூடாது என்பது அம்மொழியின் இயல்பாயிற்று. விடுவிக்கும் பொறுப்பு மனித நினைவாற்றலிடம் விடப்பட்டது.

2. பொருளறியாத கருவி

அந்நினைவாற்றலுக்குத் துணையாக மொழி அளித்தது ஒரே ஒரு கருவி: முன்செயலி. அதன் தோற்றத்தை ரிட்சியே 1993-இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் பதிவு செய்துள்ளார். 1972–73 வாக்கில், ஓரளவு ஆலன் ஸ்னைடரின் தூண்டுதலால், முன்செயலி சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில் அது கோப்புகளைச் சேர்க்கவும் எளிய சொற்பதிலீடு செய்யவும் மட்டுமே வல்லது. பின்னர் மைக் லெஸ்க்கும் அவருக்குப்பின் ஜான் ரைசரும் அதனை விரிவாக்கினர். அளவுருக்களை ஏற்கும் மேக்ரோக்களும் நிபந்தனைத் தொகுப்பும் அவ்வாறு வந்தவை.

இக்கருவியின் அடிப்படைப் பண்பு, அது பொருளை அறியாது என்பது. அது பார்ப்பது சொற்களின் வரிசையை மட்டுமே. எது மாறி, எது செயற்கூறு, எது தொகுதியின் முடிவு என்பன அதற்குத் தெரியா. தமிழ் இலக்கண மாணவர்க்குப் புணர்ச்சி விதிகளை நினைத்தால் இது எளிதில் விளங்கும்: நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சந்திக்கும் இடத்தில் மட்டும் நின்று செயலாற்றும் விதிகள் பல உண்டு. ஆனால் வேற்றுமைப் புணர்ச்சி, அல்வழிப் புணர்ச்சி என்ற பாகுபாடு பொருளுறவையும் கணக்கில் கொள்கிறது. முன்செயலிக்கு அந்த அளவு அறிவும் கிடையாது. இரண்டு சொற்களை ஒட்டி ஒரு சொல்லாக்குவதற்குக்கூட ரைசரின் முன்செயலியில் தனிக் குறி இல்லை. இடையில் வெற்றுக் குறிப்புரை ஒன்றை வைத்தால் அது சுவடின்றி நீக்கப்பட்டு இருபுறச் சொற்களும் ஒட்டிக்கொள்ளும். இத்தற்செயலை நிரலாளர் வழக்கமாகவே பயன்படுத்தினர். 1989-இன் தரநிலை, குறிப்புரையின் இடத்தில் ஓர் இடைவெளி நிற்கும் என்று விதித்து, ஒட்டுதலுக்கென இரட்டைக் கட்டக்குறியைத் தனியே அறிமுகப்படுத்தியது. பின்னாளில் துப்புரவு மேக்ரோக்கள் ஒவ்வொரு தரவு வகைக்கும் புதிய செயற்கூற்றுப் பெயர்களைத் தாமே ஆக்கிக்கொள்ள முடிந்தது இக்குறியால்தான்.

பொருளறியாத கருவியைக் கொண்டு புதிய இலக்கணம் சமைக்கும் ஆசையும் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது. 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வந்த ஷெல் நிரலை எழுதிய ஸ்டீஃபன் போர்ன், ஆல்கால் 68 மொழியைப் போலத் தோன்றும்படி மேக்ரோக்களால் சி மொழியையே உருமாற்றியிருந்தார். பிறர்க்கு அதனைப் படிப்பது கடினமாயிற்று. 1984-இல் தொடங்கிய, புரியாத சி நிரல்களுக்கான பன்னாட்டுப் போட்டிக்குத் தூண்டுதலாக அமைந்தவற்றுள் அந்நிரலும் ஒன்று. ஒருவரின் தனிவழக்கு சமூகவழக்காக வேண்டுமானால் அதனைப் பலர் ஏற்கவேண்டும் என்ற எச்சரிக்கை இதில் உள்ளது.

3. திறப்பும் அடைப்பும்: இணைமேக்ரோக்களின் காலம்

1980-களிலும் 90-களிலும் இச்சிக்கலுக்கு மூன்று திசைகளில் விடை தேடப்பட்டது.

முதல் திசை, மொழியையே மாற்றுவது. பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் 1979-இல் தொடங்கிய பணி சி++ ஆக வளர்ந்தது. ஒரு பொருளின் வரையெல்லை முடியும்போது அதன் அழிப்புச் செயற்கூறு தானாகவே அழைக்கப்படும் என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. இது முழுமையான விடை. ஆனால் சி மொழியை விட்டு வெளியேறுவோர்க்கான விடை.

இரண்டாம் திசை, மொழிக்கு வெளியிலிருந்து குப்பை சேகரிப்பது. ஹான்ஸ் போமும் மார்க் வைசரும் 1988-இல் வெளியிட்ட முறையில், நினைவகத்தில் சுட்டியைப் போலத் தோன்றும் எந்த மதிப்பையும் சுட்டியாகவே கொண்டு, எவராலும் சுட்டப்படாதவை மட்டும் மீட்கப்படும். கம்பைலரின் ஒத்துழைப்பு இன்றியே இது இயலும். எனினும் எப்போது விடுவிக்கப்படும் என்பதை நிரலாளர் உறுதியாகச் சொல்லமுடியாது. கோப்பையோ பூட்டையோ விடுவிக்க இத்தகைய காலவுறுதியின்மை பொருந்தாது.

மூன்றாம் திசை மேக்ரோக்கள். டேவிட் ஹான்சன் 1996-இல் வெளியிட்ட நூல் இவ்வகையில் முன்மாதிரியானது. அதில் 'ஃப்ரீ' என்பதைப் பேரெழுத்து மேக்ரோவாக்கி, நினைவகத்தை விடுவித்த கையோடு சுட்டியில் சுழியை இடும்படி செய்தார். சுழிச் சுட்டியை விடுவிப்பது தீங்கற்றது என்று 1989-இன் தரநிலை விதித்திருந்ததால், அதே மாறியை மீண்டும் விடுவித்தாலும் கேடு இல்லை. சிறிய மாற்றம்தான், ஆனால் விடுவித்தலும் மறத்தலும் ஒரே செயலாக வேண்டும் என்ற கொள்கை இதில் தெளிவாக வெளிப்படுகிறது.

அதே நூலில் 'செட்ஜம்ப்', 'லாங்ஜம்ப்' ஆகியவற்றின் மேல் எழுப்பப்பட்ட விதிவிலக்கு மேக்ரோக்களும் உள்ளன. முயற்சித் தொகுதி ஒரு மேக்ரோவால் திறக்கும், மற்றொன்றால் அடையும். இடையில் 'ரிட்டர்ன்' என்று நேரடியாக எழுதி வெளியேறினால் உள்ளிருக்கும் அடுக்குக் கணக்கு குலைந்துவிடும். ஆகவே அதற்கெனத் தனியே பேரெழுத்து 'ரிட்டர்ன்' மேக்ரோ ஒன்றைப் பயன்படுத்தவேண்டும். ஒகாமல் மொழியின் சி இடைமுகத்திலும் இதே நிலை. செயற்கூற்றின் தொடக்கத்தில் 'கேம்ல்பரம்' என்று எழுதினால், முடிவில் இயல்பான 'ரிட்டர்ன்' கூடாது, 'கேம்ல்ரிட்டர்ன்' வேண்டும். ஈமாக்ஸ் தொகுப்பானின் மூலநிரலிலும் லிஸ்ப் மதிப்புகளைக் குப்பை சேகரிப்பிலிருந்து காக்க 'ஜிசிபுரோ' என்ற மேக்ரோவும், முடிவில் அதனை அவிழ்க்க 'அன்ஜிசிபுரோ' என்ற மேக்ரோவும் நெடுங்காலம் இருந்தன.

இவற்றை இணைமேக்ரோக்கள் எனலாம். இவற்றின் குறை ஒன்றே: மூல நோயையே இவை திரும்பக் கொண்டுவருகின்றன. 'ஃப்ரீ' எழுத மறப்பவர் அடைப்பு மேக்ரோவையும் மறப்பார். கம்பைலர் இரண்டையும் கண்டுபிடிக்காது. ஈமாக்ஸ் குழு இறுதியில் இம்மேக்ரோக்களையே கைவிட்டது. அடுக்கை முழுவதும் துழாவிச் சுட்டிகளைக் கண்டறியும் முறைக்கு மாறியபின், 2016-இல் வெளியான 25-ஆம் பதிப்பில் அவை இல்லை. பொறுப்பை ஒரு சொல்லிலிருந்து மற்றொரு சொல்லுக்கு மாற்றுவது துப்புரவைத் தானியங்கி ஆக்காது என்பதே இக்காலம் தரும் பாடம்.

4. கோட்டூ என்னும் வழக்கு

மேக்ரோக்கள் இவ்வாறு தடுமாறியபோது, பெரும்பான்மையோர் நடைமுறையில் கைக்கொண்டது 'கோட்டூ'. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968-இல் எழுதிய புகழ்பெற்ற கடிதத்திற்குப் பின் கல்விப்புலம் விலக்கி வைத்த சொல் அது. லினக்ஸ் கருநிரலின் நடைக்கையேடு அதனை வெளிப்படையாகப் பரிந்துரைக்கிறது: செயற்கூற்றுக்குப் பல வெளியேறும் இடங்கள் இருந்து, பொதுவான துப்புரவும் தேவைப்பட்டால், ஒரே முடிவிடத்துக்குத் தாவுக. அவ்விடங்களுக்கு எண் இட்டுப் பெயர் வைக்காமல், அங்கு என்ன நிகழ்கிறது என்பதைச் சொல்லும் பெயரை வைக்கவேண்டும் என்றும் அது கூறுகிறது. பெயரிடுதலை ஒரு பாதுகாப்பு நடவடிக்கையாகக் கருதும் இக்குறிப்பு மொழியியல் நோக்கில் கவனத்துக்குரியது.

இவ்வழக்கின் வலிமையும் பலவீனமும் 2014 பிப்ரவரியில் ஒருசேர வெளிப்பட்டன. ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்பு இணைப்பு நிரலில் 'கோட்டூ ஃபெயில்' என்ற வரி தவறுதலாக இருமுறை அடுத்தடுத்து இடம்பெற்றிருந்தது. முதல் வரி நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது எந்நிலையிலும் இயங்குவது. ஆகவே கையொப்பத்தைச் சரிபார்க்கும் இறுதிப் படி ஒருபோதும் நிகழவில்லை. 'ஃபெயில்' என்ற பெயர் கொண்ட அவ்விடமோ தோல்விக்கு மட்டும் உரியதன்று. வெற்றியும் தோல்வியும் கடந்துசெல்லும் பொதுத் துப்புரவு இடம். பிழைக் குறியீடு சுழியாகவே இருந்ததால் சரிபார்க்காத இணைப்பு வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. இதனை வெறும் தட்டச்சுப் பிழை என்று ஒதுக்கிவிட இயலாது. துப்புரவு என்னும் தேவை, நிரலின் கட்டுப்பாட்டு ஓட்டத்தையே தன் கையில் எடுத்துக்கொண்டதன் விளைவு இது.

5. பண்பேற்றம்: 2003-இன் திருப்பம்

2003-இல் வெளிவந்த ஜிசிசி கம்பைலரின் 3.3 பதிப்பு 'கிளீனப்' என்ற பண்பினை அறிமுகப்படுத்தியது. ஒரு மாறியை அறிவிக்கும்போதே அதனோடு ஒரு செயற்கூற்றின் பெயரை இணைத்துவிட்டால், அம்மாறியின் வரையெல்லை எவ்வழியில் முடிந்தாலும் அச்செயற்கூறு அழைக்கப்படும். அதற்கு அம்மாறியின் முகவரி அனுப்பப்படும். பல மாறிகள் இருந்தால் அறிவித்த வரிசைக்கு எதிர்வரிசையில் துப்புரவு நிகழும். இடையில் 'ரிட்டர்ன்' வந்தாலும், 'பிரேக்' வந்தாலும், 'கோட்டூ' வந்தாலும் இது பொருந்தும். பின்னர் கிளாங் கம்பைலரும் இதனை ஏற்றது.

இணைமேக்ரோக்களின் குறை இங்கே நீங்குகிறது. அடைப்பு மேக்ரோ தேவையில்லை. தொகுதியை மூடும் நெளிவடைப்பே அடைப்பு. பொருளறிந்த கம்பைலர் முதன்முறையாகப் பொறுப்பேற்கிறது. எனினும் இப்பண்பினை நேரடியாக எழுதுவது கடினம். அதன் எழுத்துவடிவம் நீளமானது. துப்புரவுச் செயற்கூறு பெறுவது சுட்டியை அன்று, சுட்டியின் முகவரியை. ஆகவே 'ஃப்ரீ'யை அப்படியே கொடுக்கமுடியாது, ஒவ்வொரு வகைக்கும் ஒரு சிறு இடைச்செயற்கூறு வேண்டும். இங்கேதான் மேக்ரோ மீண்டும் நுழைகிறது. இம்முறை அதன் வேலை இலக்கணத்தை ஆக்குவதன்று. கம்பைலர் தந்த இலக்கணத்துக்குச் சீரான சொல்வடிவம் தருவது.

மூன்று பெரும் சமூகங்கள் இச்சொல்வடிவத்தை மூன்று விதமாக அமைத்துள்ளன. 2010-இல் தொடங்கிய சிஸ்டம்டி திட்டத்தில் '_கிளீனப்_ஃப்ரீ_', '_கிளீனப்_குளோஸ்_' போன்ற வடிவங்கள் உள்ளன: முன்னும் பின்னும் அடிக்கோடு, நடுவில் செயலின் பெயர். மாறியின் அறிவிப்புக்கு முன்னால் ஒரு பெயரடை போல இவை நிற்கும். க்னோம் திட்டத்தின் அடித்தளமான ஜிலிப் நூலகம் 2015-இல் வந்த 2.44 பதிப்பில் 'ஜி_ஆட்டோஃப்ரீ', 'ஜி_ஆட்டோபிடிஆர்' ஆகியவற்றைச் சேர்த்தது. இவற்றுள் இரண்டாவது, வகையின் பெயரை மட்டும் ஏற்று, அவ்வகைக்குரிய துப்புரவுச் செயற்கூற்றை ஒட்டுக்குறியின் உதவியால் தானே கண்டறியும். லினக்ஸ் கருநிரலில் பீட்டர் ஜைல்ஸ்ட்ரா அமைத்த துப்புரவுத் தலைப்புக் கோப்பு, 2023 ஆகஸ்டில் வெளியான 6.5 பதிப்பில் இடம்பெற்றது. அதில் நினைவகத்துக்கு '__ஃப்ரீ', பூட்டுகளுக்கு 'கார்ட்' என இரு குடும்பங்கள் உள்ளன.

6. சீர்மை என்றால் என்ன?

மூன்று திட்டங்களையும் அருகருகே வைத்துப் படித்தால், தனித்தனியே வளர்ந்தவை சில பொது விதிகளில் வந்து சேர்வதைக் காணலாம்.

முதலாவது, அறிவிக்கும்போதே மதிப்பிடுதல். துப்புரவுப் பண்பு ஏற்ற மாறியில் தொடக்க மதிப்பு இல்லையெனில், முதல் வெளியேற்றத்திலேயே பொருளற்ற முகவரி ஒன்று விடுவிக்கப்படும்.

இரண்டாவது, வெறுமையைப் பொறுத்தல். துப்புரவுச் செயற்கூறு சுழிச் சுட்டியைக் கண்டால் அமைதியாகத் திரும்பவேண்டும். லினக்ஸ் கருநிரலில் பிழைக் குறியீடுகளையே சுட்டியாக்கி அனுப்பும் பழைய வழக்கு உண்டு. ஆகவே அங்குள்ள மேக்ரோ சுழியையும் அத்தகைய பொய்ச்சுட்டிகளையும் சேர்த்தே விலக்குகிறது. ஒவ்வொரு சமூகமும் 'ஒன்றுமில்லை' என்பதற்குத் தன் மொழியில் என்ன சொல் வைத்திருக்கிறதோ, அதனை மேக்ரோ அறிந்திருக்கவேண்டும்.

மூன்றாவது, உரிமை மாற்றத்தை வெளிப்படையாகச் சொல்லுதல். இது சற்று விரிவாகப் பேசத்தக்கது. தானாக விடுவிக்கப்படும் மாறியில் உள்ள நினைவகத்தை அழைத்தவருக்குத் திருப்பித் தரவேண்டுமானால், அம்மாறியின் பிடியிலிருந்து அதனை எடுக்கவேண்டும். மாறியில் சுழியை வைத்துவிட்டுப் பழைய மதிப்பைக் கொடுக்கவேண்டும். செயல் ஒன்றே. ஆனால் சிஸ்டம்டி அதனை 'எடு' என்னும் பொருள்பட 'டேக்' என்கிறது. ஜிலிப் 'திருடு' என்னும் பொருள்பட 'ஸ்டீல்' என்கிறது. லினக்ஸ் கருநிரல் 'விடுவிக்காத சுட்டி' என்று எதிர்மறையில் பெயரிடுகிறது. நேரடியாகத் திருப்பித் தருவதற்கு 'ரிட்டர்ன்_பிடிஆர்' என்ற துணை வடிவமும் வைத்திருக்கிறது. முன்னிரண்டும் உரிமை யாரிடம் செல்கிறது என்பதைச் சொல்லும் செய்வினைகள். மூன்றாவது, எது நிகழாது என்பதைச் சொல்கிறது. பைத்தானின் சி இடைமுகத்திலும் 'திருடுதல்' என்ற சொல் உண்டு. ஆனால் அங்கே திருடுவது அழைக்கப்பட்ட செயற்கூறு, பறிகொடுப்பது அழைத்தவர். ஜிலிப்பில் திருடுவது நிரலாளரே, பறிகொடுப்பது மாறி. ஒரே வினை, எழுவாய் வேறு. இரண்டு நூலகங்களையும் ஒரே நிரலில் பயன்படுத்துபவர் எழுவாயைத் தவறாக ஊகித்தால் விளைவது இருமுறை விடுவிப்பு அல்லது கசிவு. சொற்பொருளியல் வேறுபாடு இங்கே நேரடியாக நினைவகப் பிழையாகிறது.

நான்காவது, கலப்பைத் தவிர்த்தல். லினக்ஸின் துப்புரவுக் கோப்பில் பின்னர் சேர்க்கப்பட்ட விளக்கவுரை, ஒரே செயற்கூற்றில் 'கோட்டூ' வழக்கையும் துப்புரவு மேக்ரோக்களையும் கலக்கவேண்டாம் என்கிறது. அதே உரை மற்றொரு நுட்பத்தையும் சுட்டுகிறது. பழைய நடையில் பழகியவர், செயற்கூற்றின் தலைப்பில் சுட்டியைச் சுழியோடு அறிவித்துவிட்டு, பின்னர்ப் பூட்டினை எடுத்து, அதன்பின் சுட்டிக்கு மதிப்பிடுவார். எதிர்வரிசை விதிப்படி, பின்னால் அறிவிக்கப்பட்ட பூட்டு முதலில் திறக்கும். முன்னால் அறிவிக்கப்பட்ட சுட்டி பிறகு விடுவிக்கப்படும். பூட்டின் காவலில் நிகழவேண்டிய விடுவிப்பு காவலின்றி நிகழ்ந்துவிடும். ஒவ்வொரு வரியும் தனித்தனியே சரி, வரிசை பிழை.

இப்பிழையைத் தவிர்க்க, மாறியைத் தேவைப்படும் இடத்திலேயே அறிவித்து மதிப்பிடவேண்டும். ஆனால் லினக்ஸ் கருநிரல், அறிவிப்புகள் எல்லாம் தொகுதியின் தொடக்கத்திலேயே வரவேண்டும் என்ற 1989-இன் நடையைப் பல்லாண்டுகள் பேணிவந்தது. மீறினால் கம்பைலர் எச்சரிக்கும்படியும் வைத்திருந்தது. 1999-இன் தரநிலை இக்கட்டுப்பாட்டைத் தளர்த்திய பின்னும் அங்கு அது தொடர்ந்தது. துப்புரவு மேக்ரோக்களைக் கொண்டுவந்த அதே திருத்தத் தொடரில்தான் அவ்வெச்சரிக்கையும் நீக்கப்பட்டது. ஒரு தரநிலையால் இருபதாண்டுகளுக்கும் மேலாக மாற்றமுடியாத எழுத்துநடையை, ஒரு தலைப்புக் கோப்பு மாற்றியது. தரநிலை ஆவணங்களை மட்டும் படிக்கும் வரலாற்றாசிரியர் கண்ணில் இம்மாற்றம் படாது.

7. மேக்ரோவிலிருந்து இலக்கணத்துக்கு

மொழியியலில் இலக்கணமயமாதல் என்று ஒரு கருத்து உண்டு. தனிப்பொருள் தரும் சொல், காலப்போக்கில் தன் பொருள் தேய்ந்து, இலக்கணப் பணி ஆற்றும் உறுப்பாகிறது. தமிழில் 'விடு' என்னும் வினையே நல்ல எடுத்துக்காட்டு. 'கையை விட்டான்' என்பதில் அது முழுவினை. 'வந்துவிட்டான்' என்பதில் எதனையும் விடுதல் இல்லை. செயல் முற்றுப்பெற்றதை உணர்த்தும் துணைவினை அது. துப்புரவின் வரலாற்றையும் இவ்வாறே வரிசைப்படுத்தலாம்: முதலில் நிரலாளர் தாமே எழுதும் 'ஃப்ரீ', பின்னர்ச் சமூக வழக்கான 'கோட்டூ', பின்னர்க் கம்பைலரின் பண்பு, அதனைச் சூழ்ந்த மேக்ரோ, இறுதியில் மொழியின் சிறப்புச்சொல்.

அவ்விறுதிப் படி இப்போது நிகழ்ந்துகொண்டிருக்கிறது. 2009-இல் அறிமுகமான கோ மொழியில், செயற்கூறு முடியும்போது செய்யவேண்டியதை முன்கூட்டியே எழுதிவைக்கும் 'டிஃபர்' என்ற கட்டளை உண்டு. இதனைச் சி மொழிக்குக் கொண்டுவரும் முன்மொழிவுகள், யென்ஸ் குஸ்டெட் உள்ளிட்டோரால் 2020 முதல் தரநிலைக் குழுவின் முன் வைக்கப்பட்டன. 2024-இல் வெளியான சி23 தரநிலையில் அது இடம்பெறவில்லை. 25755 என்ற எண்ணுடைய தனித் தொழில்நுட்ப விவரக்குறிப்பாக அது உருப்பெறுகிறது. கோ மொழியில் ஒத்திவைத்த செயல் செயற்கூற்றின் முடிவில் நிகழும். சி முன்மொழிவிலோ அது தொகுதியின் முடிவில் நிகழும். இந்த வேறுபாட்டில் இருபதாண்டு மேக்ரோ வழக்கின் தடம் தெளிவாகத் தெரிகிறது. துப்புரவு என்றால் நெளிவடைப்பின் முடிவு என்று அச்சமூகம் ஏற்கனவே பழகிவிட்டது.

ஒப்புமையின் எல்லையையும் சொல்லவேண்டும். 'விடு' துணைவினையானதற்கு எந்தக் குழுவும் வாக்களிக்கவில்லை. இங்கே குழு உண்டு, வாக்கு உண்டு, கம்பைலர் நிறுவனங்களின் நலன்களும் உண்டு. ஜிலிப்பின் ஆவணமே தன் தானியங்கி மேக்ரோக்கள் ஜிசிசி, கிளாங் ஆகியவற்றில் மட்டுமே இயங்கும் என்றும், பிற கம்பைலர்களுக்கும் செல்லவேண்டிய நிரல்களில் அவற்றைத் தவிர்க்குமாறும் கூறுகிறது. ஆகவே இவ்வழக்கு இன்னும் வட்டாரவழக்கே, பொதுமொழி ஆகவில்லை.

இம்மேக்ரோக்கள் செய்யாதவற்றையும் மறைக்கக்கூடாது. 'லாங்ஜம்ப்' மூலம் தாவினாலோ 'எக்சிட்' மூலம் நிரலே முடிந்தாலோ துப்புரவு நிகழும் என்ற உறுதி இல்லை. ஒரே நினைவகத்தை இரண்டு சுட்டிகள் சுட்டினால், ஒன்றன் துப்புரவு மற்றொன்றுக்குத் தெரியாது; விடுவித்தபின் பயன்படுத்தும் பிழை அப்படியே நீடிக்கும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தான் சரிசெய்யும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பாதுகாப்பு தொடர்பானவை என்று 2019-இல் தெரிவித்தது. அவற்றுள் வரம்பு மீறிய வாசிப்பும் எழுத்தும் போன்ற பலவற்றைத் துப்புரவு மேக்ரோ தொடவும் முடியாது. உரிமையையும் இரவலையும் கம்பைலரே சரிபார்க்கும் ரஸ்ட் போன்ற மொழிகள் எழுந்ததன் காரணம் இதுவே.

ஆயினும், எழுதப்பட்டுவிட்ட சி நிரல்கள் நாளையே மறையப்போவதில்லை. நம் கைப்பேசிகளும் சேவையகங்களும் அவற்றின் மேல்தான் நிற்கின்றன. அவற்றைப் பேணவேண்டியவர்கள் இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர்கள். 'மாலக்' எழுதினால் 'ஃப்ரீ' எழுதவேண்டும் என்பதோடு பாடம் முடிந்தால், அவர்களுக்குக் கிடைப்பது 1989-இன் இலக்கணம் மட்டுமே. அதன்பின் அச்சமூகம் தோல்விகளின் வழியே கற்றுக்கொண்டவை கிடைப்பதில்லை. யார் உரிமையாளர், உரிமை எந்தச் சொல்லால் கைமாறுகிறது, எந்த வரிசையில் விடுவிப்பு நிகழ்கிறது என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொரு செயற்கூற்றையும் பார்த்துக் கேட்கப் பழக்கினால், மேக்ரோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பயன்தரும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு சொல். லினக்ஸ், ஜிலிப், சிஸ்டம்டி ஆகிய மூன்றின் மூலநிரலும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுதப்பட்ட காரணக் குறிப்புகளோடு, எவரும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. ஒரு மொழிச் சமூகம் தன் வழக்கை மாற்றிக்கொண்ட நாள், மாற்றியவர், எதிர்த்தவர், அவர்கள் சொன்ன காரணம் ஆகிய அனைத்தும் பதிவாகியுள்ள இத்தகைய தரவுத்தொகுதி, இயற்கை மொழிகளின் வரலாற்றாய்வாளர்க்கு வாய்ப்பதே இல்லை. கணினியியல் துறையினர் அதனைக் கருவியாக மட்டும் பார்க்கின்றனர். மொழியியல் துறையினர் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. இரு துறையினரும் ஒரே மேசையில் அமர்ந்து படிக்கத்தக்க ஆவணம் அது.